வீட்டில் செய்த ஏற்றி இறக்கும் கோம்ப்: கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிந்து நீக்குதல்

சிறு குண்டுகளைப் பரவலாகச் சுடும் ஷாட்கன்னில் பொதுவாகப் பின்குறி என்று தனியாக ஒன்று கிடையாது. குழலின் முனையில் இருக்கும் சிறு மணி முன்குறி. பின்குறியாக நிற்பது சுடுபவரின் கண். அந்தக் கண் எந்த உயரத்தில், குழலுக்கு இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை முடிவு செய்வது, பின்கட்டையில் கன்னம் பதிகிற மேல்விளிம்பு. அதைத்தான் சுடுவோர் கோம்ப் என்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் பின்கட்டை நடுத்தரமான ஓர் உடலமைப்பை மனத்தில் கொண்டு செய்யப்படுவதால், கழுத்து நீண்டவர்களும் கன்ன எலும்பின் அமைப்பு வேறானவர்களும் அந்த மேல்விளிம்பைத் தனியே அறுத்தெடுத்து, இரண்டு எஃகுத் தண்டுகளின் மேல் ஏற்றி இறக்கும்படி மாற்றிக்கொள்கிறார்கள். வானில் எறியப்படும் தட்டுகளைச் சுடும் டிராப் என்ற ஆட்டத்தை ஆடும் அமெரிக்கர்களிடையே இதை வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ளும் வழக்கம் உண்டு.

அறுப்பதும் துளையிடுவதும் பொறுமையுள்ள எவருக்கும் கைவரும். அதன்பின் வரும் கோளாறுகளைச் சரியாகப் படிப்பதுதான் கடினம், ஏனெனில் ஒரே அறிகுறிக்கு மரவேலையில் நேர்ந்த பிழையும் காரணமாக இருக்கலாம், கட்டையின் அளவு உடலுக்குப் பொருந்தாததும் காரணமாக இருக்கலாம். கன்னத்தில் அடி விழுகிறது என்றவுடன் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பவர், சிக்கல் தண்டின் உயரத்தில் இருந்தால், நல்ல மரத்தை வீணாக்கிவிடுகிறார். எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், மரத்தைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனையை முதலிலும், மரத்தைத் தொடும் திருத்தத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதிருக்க வேண்டுகிறேன்.

இங்கே நான் மனத்தில் கொண்டிருப்பது, வால்நட் பின்கட்டை கொண்ட, நடுவில் மடியும் வகையிலான 12 போர் டிராப் துப்பாக்கி. கோம்ப்பின் அடியில் நீள்துளைகள் கொண்ட இரண்டு சிறு தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 8 மி.மீ. தடிமனுள்ள இரண்டு எஃகுத் தண்டுகள் அந்தத் தகடுகளில் திருகாணியால் பிணைக்கப்பட்டு, பின்கட்டையில் எபாக்சியால் ஒட்டப்பட்ட பித்தளை புஷ்களுக்குள், அதாவது சிறு குழாய் உறைகளுக்குள், இறங்குகின்றன. பக்கவாட்டிலிருந்து வரும் கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாத திருகாணிகள்) தண்டுகளைப் பிடித்துக்கொள்கின்றன. தகட்டின் நீள்துளை பக்கவாட்டு நகர்வைத் தருகிறது. தண்டு உயரத்தைத் தருகிறது. உங்கள் அமைப்பு சிறிது வேறுபட்டிருந்தாலும் காரணங்கள் பெரும்பாலும் இவையே.

தொடங்கும் முன்

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்பதைத் தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்த பின்பே எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. மரவேலை அனைத்தையும் பின்கட்டையை உலோகப் பகுதியிலிருந்து கழற்றிய பிறகே செய்ய வேண்டும். வால்நட் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தக்கூடியது என்பதால் முகக்கவசம் தேவை. இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் உரிமத்துக்கு உட்படுத்துகிறது, ஆகவே அங்கே இந்த வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்துச் செய்விப்பதே முறை. கீழுள்ள அறிகுறிகள் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்காவது உதவும்.

எதையும் மாற்றும் முன், இப்போதிருக்கும் நிலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டையான ரிப்பின் மீது ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பின்னோக்கி நீட்டி, அதிலிருந்து கோம்ப்பின் முன்முனைக்கும் பின்முனைக்கும் கட்டையின் குதிக்கும் (தோளில் படும் பின்முகத்தின் மேல்மூலை) உள்ள இறக்கத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். இந்த மூன்று எண்கள் கையில் இல்லாதவருக்குப் பழைய நிலைக்குத் திரும்பும் வழி இல்லை.

அறிகுறி: கோம்ப் ஏறவும் இறங்கவும் மறுக்கிறது, அல்லது பாதியில் இறுகி நிற்கிறது

வீட்டில் செய்த கோம்ப்களில் மிக அதிகமாக வரும் கோளாறு இது. மற்றப் பல கோளாறுகளுக்கு வேரும் இதுவே. இரண்டு தண்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், அல்லது மேலே தண்டுகளுக்கிடையே உள்ள தூரமும் கீழே புஷ்களுக்கிடையே உள்ள தூரமும் ஒத்துவராவிட்டால், ஒரு பக்கம் மட்டும் இழுத்த மேசை இழுப்பறையைப் போலக் கோம்ப் கோணிக்கொண்டு இறுகிவிடும். ஒரு பாகைச் சாய்வு சிறியதாகத் தோன்றும்; ஆனால் 30 மி.மீ. ஆழத்தில் அது அரை மி.மீ. விலகலாகிறது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே நாம் விடுகிற இடைவெளியோ 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கிறது.

முதல் சோதனையாக, கிரப் ஸ்க்ரூக்களை முழுவதும் தளர்த்திவிட்டு, ஒரு தண்டை மட்டும் தகட்டிலிருந்து கழற்றி, அதைத் தனியே அதன் புஷ்ஷில் இறக்கிப் பாருங்கள். பிறகு மற்றதையும் அவ்வாறே பாருங்கள். தனியாக இறங்கும் தண்டே இறுகினால், இணைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை; புஷ்ஷுக்குள் எபாக்சி கசிந்து உறைந்திருக்கிறது, அல்லது கிரப் ஸ்க்ரூ அழுத்தியதால் தண்டின் மேல் ஒரு சிறு பிசிறு எழும்பியிருக்கிறது. கசிந்த எபாக்சியை 8 மி.மீ. ரீமரைக் கையாலேயே மெல்லத் திருப்பி எடுத்துவிடலாம். பிசிறுக்கு, தண்டின் நீளவாக்கில் கிரப் ஸ்க்ரூ படும் பக்கத்தில் அரத்தால் ஒரு தட்டையான முகத்தை அரைத்துவிடுவதே நிலையான தீர்வு. அதன்பின் ஸ்க்ரூ எவ்வளவு பதிந்தாலும் எழும்பும் பிசிறு தண்டின் வட்டத்துக்கு உள்ளேயே அடங்கிவிடும்; புஷ்ஷைக் கீறாது.

இரண்டு தண்டுகளும் தனித்தனியே வழுக்கி இறங்கி, சேர்த்துப் பூட்டினால் மட்டும் இறுகுகிறது என்றால், தகட்டுத் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள். இப்போது தடையின்றி இறங்கினால் பிழை இடைத்தூரத்தில்தான் இருக்கிறது. தகட்டின் துளையைக் கட்டையின் நீளவாக்கில் ஒரு மி.மீ. அகலப்படுத்தினால் போதும். திருகாணிகளைத் தளர்த்தியும் இறுக்கம் நீங்கவில்லை என்றால் தண்டுகள் இணையாக இல்லை என்று பொருள், அதைத் தகட்டில் திருத்த முடியாது.

இணைவுப் பிழையைத் திருத்தப் புதிய துளை போடுவதையே பலர் முதலில் நினைக்கிறார்கள். பழைய துளையின் ஓரத்திலேயே புதிய துளை போட்டால் துளைப்பான் பழைய பள்ளத்துக்குள் வழுக்கிப் போய்விடும் என்பதால் நான் அதை ஆதரிப்பதில்லை. மாறாக, பின்கட்டையில் ஒட்டியிருக்கும் புஷ்களில் அதிகம் சாய்ந்திருப்பதைச் சூடாக்கிய இரும்பால் இளக்கி எடுத்துவிட்டு, அந்தத் துளையை 2 மி.மீ. பெரிதாக்குங்கள். பிறகு கோம்ப்பையே அளவுச்சட்டமாகப் பயன்படுத்த வேண்டும்: இரண்டு தண்டுகளையும் தகடுகளில் இறுகப் பூட்டி, அவை ஒன்றுக்கொன்று இணையாகவும் கோம்ப்பின் அடிமுகத்துக்குச் செங்குத்தாகவும் நிற்கின்றனவா என்று மூலைமட்டத்தால் பார்த்துக்கொண்டு, தண்டுகளின் மேல் நிறமில்லாத ஷூ பாலிஷை மெல்லிதாகப் பூசி, எடுத்த புஷ்ஷை அதன் தண்டில் மாட்டி, பெரிதாக்கிய துளையில் மெதுவாக உறையும் எபாக்சியை இட்டுக் கோம்ப்போடு சேர்த்து இறக்கிவிட வேண்டும். 24 மணி நேரம் அசைக்காமல் வைத்தால், புஷ் தண்டு இருக்கும் திசையிலேயே உறைந்து நிற்கும். துளை சிறிது கோணலாக இருந்தாலும் அதை எபாக்சி ஈடுசெய்துவிடுகிறது. மெழுகுப் பூச்சை மறந்தவர்கள் தண்டையும் புஷ்ஷையும் ஒன்றாக ஒட்டிவிடுவார்கள் என்பதால், அந்தப் படியை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் இந்தத் தொல்லையையே தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. துளையிடும்போது பின்கட்டையின் அடிவிளிம்பை ஆதாரமாகக் கொள்ளாமல், அறுத்த முகத்தையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். கோம்ப்பின் அடிமுகமும் பின்கட்டையின் மேல்முகமும் ஒரே அறுப்பில் பிறந்தவை என்பதால், இரண்டையும் பில்லர் டிரில்லின் மேசைக்கு மட்டமாக வைத்துத் துளையிட்டால் துளைகள் தாமாகவே இணையாக அமையும். பின்கட்டையின் அடிவிளிம்போ சரிவானது. அதை நம்பினால் துளையும் சரியும்.

ஈரமான பருவத்தில் மட்டும் இறுக்கம் வந்து, வறண்ட நாளில் போய்விடுகிறது என்றால், அறுத்த முகங்களும் துளைகளின் உட்சுவர்களும் பூச்சின்றி விடப்பட்டிருக்கின்றன. அங்கே நீர்த்த பாலியூரிதேனை இரண்டு மூன்று பூச்சுகள் ஊறவிட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: சுடச்சுடக் கோம்ப் மெல்லக் கீழிறங்குகிறது

முதல் வரிசையில் தட்டுகள் நன்றாக உடைந்து, பிற்பாடு தட்டுக்குக் கீழேயே குண்டுகள் போகின்றன என்றால், சோர்வைக் குறைசொல்லும் முன் கோம்ப்பின் உயரத்தை அளந்து பாருங்கள். மழமழப்பான உருளைத் தண்டைக் கிரப் ஸ்க்ரூ ஒரு புள்ளியில் மட்டுமே பிடிக்கிறது. ஒவ்வொரு சுடுதலின் அதிர்விலும் அந்தப் பிடி சிறிது வழுக்கும். தண்டில் எண்ணெய் ஒட்டியிருந்தால் இன்னும் எளிதாக வழுக்கும்.

தண்டையும் புஷ்ஷையும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதன்பின்னும் இறங்கினால், முன்பு சொன்ன தட்டையான முகத்தை அரைத்துவிட்டு, கிரப் ஸ்க்ரூவின் மரையில் நடுத்தர வலுவுள்ள நீல நிற மரைப்பூட்டுத் திரவத்தை ஒரு துளி இடுங்கள். சிவப்பு நிறத் திரவத்தை இடாதீர்கள்; அடுத்த முறை உயரத்தை மாற்ற அந்த ஸ்க்ரூவைச் சூடாக்காமல் கழற்ற முடியாமல் போய்விடும்.

ஆனால் கிரப் ஸ்க்ரூ ஒன்றையே நம்பிச் சுமையைத் தாங்கவைப்பது அடிப்படையிலேயே பலவீனமான அமைப்பு என்பது என் உறுதியான கருத்து. கோம்ப்புக்கும் பின்கட்டைக்கும் நடுவே, தண்டைச் சுற்றி, தேவையான உயரத்துக்குப் பித்தளை அல்லது நைலான் வாஷர்களை அடுக்கிவிட்டால் கன்னத்தின் அழுத்தம் வாஷர்கள் வழியே நேராக மரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஸ்க்ரூவுக்குக் கோம்ப் மேலே எழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. வாஷர் அடுக்கு இன்னொரு நன்மையும் தருகிறது. கோம்ப்பைக் கழற்றி மாட்டினாலும் அதே உயரம் தவறாமல் திரும்பக் கிடைக்கும். ஒரு மி.மீ. தடிமனும் அரை மி.மீ. தடிமனும் உள்ளவற்றைக் கலந்து வைத்துக்கொண்டால் எந்த உயரமும் வசப்படும்.

அறிகுறி: கோம்ப் ஆடுகிறது, தட்டினால் ஓசை வருகிறது

இறுக்கிய நிலையில் கோம்ப்பை இரு விரல்களால் பிடித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் அசைந்தால் தகட்டுத் திருகாணி தளர்ந்திருக்கிறது. முன்பின்னாக அசைந்தால் புஷ்ஷுக்குள் இடைவெளி மிகுந்திருக்கிறது, அல்லது புஷ்ஷே மரத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. புஷ்ஷின் விளிம்பில் நகத்தை வைத்துக்கொண்டு தண்டை அசைத்தால் எது அசைகிறது என்பது நகத்தில் தெரிந்துவிடும். ஒட்டு விட்ட புஷ்ஷை எடுத்து, அதன் வெளிப்புறத்தை அரத்தால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசையை நீக்கி மறுபடி ஒட்ட வேண்டும். மழமழப்பான பித்தளையில் எபாக்சி நீண்ட நாள் பிடித்து நிற்காது.

அறிகுறி: கன்னத்தில் அடி விழுகிறது

இந்த அறிகுறி வந்தால் உப்புத்தாளை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு யோசிக்க வேண்டும் என்பேன். துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது கோம்ப் கன்னத்தின் கீழே வழுக்கிக்கொண்டு பின்னே போகிறது. கோம்ப்பின் முன்முனை உயர்ந்தும் பின்முனை தாழ்ந்தும் இருந்தால், பின்னே வரும்போது உயரமான முன்பகுதி ஆப்பு போலக் கன்னத்துக்கு அடியில் புகுந்து மேலே தள்ளுகிறது. அடி விழுவது அங்கேதான். கோம்ப் ரிப்புக்கு இணையாக இருந்தால் இந்தத் தள்ளல் இல்லை.

எனவே முதல் சோதனை, சட்டத்தை ரிப்பின் மேல் வைத்து முன்முனை இறக்கத்தையும் பின்முனை இறக்கத்தையும் ஒப்பிடுவதே. பின்முனை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருந்தால், பின் தண்டின் கீழ் ஒரு வாஷரைக் கூட்டி, முன் தண்டின் கீழ் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். தண்டுகள் புஷ்களுக்குள் நிற்பதால் அதிகமான சாய்வைக் கட்டாயப்படுத்த முடியாது, ஓரிரு மி.மீ. வித்தியாசத்தைத் தகட்டின் தளர்ச்சி ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் தேவையென்றால், கோம்ப்பின் மேல்முகத்தையே இழைத்து ரிப்புக்கு இணையாக்குவதுதான் வழி. மரத்தைத் தொடுவது நியாயமாகிற இடம் அதுதான்.

ரிப்புக்கு இணையாக இருந்தும் அடி விழுகிறது என்றால், குதியைப் பாருங்கள். கோம்ப்பை உயர்த்தியவுடன் தலை நிமிர்கிறது. தலை நிமிர்ந்ததும், துப்பாக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்காகப் பின்கட்டை தோளில் மேலே ஏறுகிறது, கட்டையின் பின்முகத்தில் உள்ள ரப்பர் பேடின் அடிப்பகுதி மட்டுமே தோளைத் தொடுகிறது. அந்த நிலையில் உதைப்பின் விசை துப்பாக்கியை மேல்நோக்கிச் சுழற்றிக் கன்னத்தில் மோதவைக்கிறது. நல்ல வெளிச்சத்தில் காலியான துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, ரப்பர் பேட் முழுமையாகத் தோளில் படிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படியவில்லை என்றால் ரப்பர் பேடைச் சில மி.மீ. கீழே இறக்கிப் பொருத்துவது, அல்லது அந்தப் பேடை இறக்கி ஏற்றக்கூடிய தகட்டை மாட்டுவது நல்லது. கோம்ப்பை அதிகமாக உயர்த்தியவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. கோம்ப்பையும் அந்தத் தகட்டையும் ஒரு சோடியாகவே நினைக்க வேண்டும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது விளிம்பின் கூர்மை. அறுத்த பிறகு கோம்ப்பின் இடப்பக்கக் கீழ்விளிம்பு கன்னத்தின் அருகே வந்து நிற்கும். உயர்த்திய நிலையில் அது தாடையில் உராய்ந்தால், அந்த விளிம்பை மட்டும் 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள்.

அறிகுறி: குண்டுகள் குறியிலிருந்து விலகி விழுகின்றன

இங்கே இரண்டு வேறு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாச் சுடுதல்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு விலகினால் அது கோம்ப்பின் இடம் பற்றிய பிரச்சினை, எளிதில் தீரும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதறினால் கோம்ப் தாழ்வாக இருக்கிறது என்பதே அநேகமாகக் காரணம். கன்னம் மரத்தில் தாங்கி நிற்காமல் காற்றில் மிதக்கும்போது கண்ணின் உயரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. சிதறலைக் கண்டு கோம்ப்பைத் தாழ்த்துவதும் உயர்த்துவதுமாக அலைவதை விட, முதலில் தலையின் எடை முழுதும் மரத்தின் மேல் இறங்கும் அளவுக்கு அதை உயர்த்திவிட்டு, அதன்பின் விலகலை அளப்பதே வேலையைச் சுருக்கும்.

அளக்கும் முறைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கண்ணுக்கும் குழல் முனை மணிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கஜம் இருக்கிறது. 16 கஜத் தொலைவில் ஒரு பெரிய காகிதத்தை மாட்டி, நடுவில் உள்ள புள்ளியை நோக்கித் துப்பாக்கியை இயல்பாக ஏந்திச் சுட்டால், குண்டுப் பரவலின் மையம் ஓர் அங்குலம் விலகுவதற்குக் கோம்ப்பில் பதினாறில் ஓர் அங்குலம், அதாவது 1.6 மி.மீ., திருத்தம் வேண்டும். மீட்டர் கணக்கு விரும்புவோருக்கு: கண்ணுக்கும் மணிக்கும் ஒரு மீட்டர் இருக்குமானால், 16 மீட்டரில் 16 மி.மீ. விலகல் கோம்ப்பில் ஒரு மி.மீ.; 36 மீட்டரில் அதே ஒரு மி.மீ. 36 மி.மீ. ஆகிறது. ஒரே ஒரு முறை சுட்டுப் பார்த்து வாஷரை மாற்றாதீர்கள். பல முறை சுட்ட பரவல்களின் மையத்தைக் கண்டு அதன்படி மாற்றுங்கள்.

திசையை இப்படி நினைவில் கொள்ளலாம்: பரவல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கண்ணை நகர்த்த வேண்டும். மேலே போக வேண்டுமானால் கோம்ப் உயர வேண்டும். வலக்கைக்காரர் கன்னத்தைக் கட்டையின் இடப்பக்கத்தில் பதிக்கிறார். கோம்ப் தடித்திருந்தால் கண் ரிப்பின் இடப்பக்கம் தள்ளப்பட்டு, குண்டுகளும் இடப்பக்கமே போகும். அவர் கோம்ப்பை வலப்பக்கமாக, முகத்தைவிட்டு விலகும்படி நகர்த்த வேண்டும். இடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறும்.

டிராப் ஆட்டத்தில் தட்டு எழும்பிக்கொண்டே போவதால், பரவல் புள்ளிக்குச் சற்று மேலே விழுவதையே பலரும் விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். 16 கஜக் கோட்டில் நின்று சுடுபவரின் தட்டு ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில் உடைகிறது என்பதைக் கொண்டு, அந்தத் தொலைவில் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். அந்த உயர்வைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது.

எவ்வளவு நகர்த்தியும் விலகல் கணக்குப்படி மாறவில்லை என்றால், குழலையே சந்தேகிக்க வேண்டும். துப்பாக்கியை மணல்மூட்டைமேல் தாங்கவைத்து, நடு மணியும் முனை மணியும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும்படி கண்ணை வைத்துச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் விலகினால் கோம்ப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேல் கீழாக இரு குழல் கொண்ட துப்பாக்கியில் ஒரு குழல் மட்டும் விலகுவதும் உண்டு. எனவே இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். அதைத் திருத்துவது வீட்டு வேலையல்ல.

அறிகுறி: மரத்தில் விரிசல்

விரிசல் எங்கே என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பிடிக்கழுத்தில், அதாவது வலக்கை பற்றும் மெலிந்த பகுதியில், விரிசல் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு துப்பாக்கிப் பணியாளரிடம் கொண்டுபோக வேண்டும். உதைப்பின் விசை முழுவதும் அந்தக் கழுத்தின் வழியேதான் போகிறது.

கோம்ப்பின் முன்முனையில், அறுப்பு வளைந்து மேலே திரும்பும் உள்மூலையில் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கினால், மூலை கூர்மையாக விடப்பட்டதே காரணம். விசை அந்த முனையில் குவிகிறது. விரிசலுக்குள் மிக நீர்த்த சயனோ பசையை ஊறவிட்டு, இறுக்கிக் காயவைத்து, பிறகு மூலையை உருண்டை அரத்தால் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். இனி அறுக்கப் போகிறவர்கள், அந்த இடத்தில் முதலில் 6 மி.மீ. துளை ஒன்றைப் போட்டுவிட்டு, வாளை அந்தத் துளைக்குள் கொண்டுவந்து திருப்பினால் கூர்மூலையே உருவாகாது.

புஷ்களைச் சுற்றி விரிசல் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. துளையில் எபாக்சியை நிரம்ப ஊற்றி, காற்றுப்போக வழியின்றிப் புஷ்ஷை அடித்து இறக்கினால், திரவத்தின் அழுத்தம் மரத்தைப் பிளந்துவிடும். துளையின் சுவரில் மட்டும் பூசி, புஷ்ஷைக் கையால் திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும். இன்னொன்று, துளை கட்டைக்குள் ஓடும் போல்ட் வழியை நெருங்கிவிடுவது. நடுவில் மடியும் துப்பாக்கிகளிலும் ரெமிங்டன் 870 போன்ற பம்ப் துப்பாக்கிகளிலும் பின்கட்டையைப் பிடித்து நிற்கும் நீண்ட போல்ட் கட்டைக்கு நடுவில் ஓடுகிறது. ரெமிங்டன் 1100 போன்ற சில தானியங்கிகளில் ஸ்பிரிங் அடங்கிய எஃகுக் குழாயே பின்கட்டைக்குள் நீண்டிருக்கிறது. அதைத் துளைப்பான் தொட்டால் துப்பாக்கியின் இயக்கமே கெட்டுவிடும். ரப்பர் பேடைக் கழற்றி, போல்ட் வழிக்குள் ஒரு கம்பியை நுழைத்து, அதன் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து கட்டையின் வெளிப்புறத்தில் மாஸ்கிங் டேப்பின்மேல் வரைந்துகொண்ட பிறகே துளையின் இடத்தை முடிவு செய்யுங்கள். துளைக்கும் அந்த வழிக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. மரம் நிற்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. ஏற்கெனவே துளை போல்ட் வழிக்குள் திறந்துவிட்டிருந்தால், போல்ட் வழிக்குள் மெழுகு பூசிய மரக்கோலை நுழைத்துவைத்து, மரத்தூள் கலந்த எபாக்சியால் அந்தத் திறப்பை அடைத்து, உறைந்த பின் கோலை உருவிவிட வேண்டும். நீளம் குறைந்த புஷ்ஷும் நீளம் குறைந்த தண்டும் அங்கே போதும்.

அறிகுறி: கோம்ப்பை முழுவதும் இறக்கியும் மேற்கோடு பொருந்தவில்லை

அறுக்கும் வாள் தன் தடிமன் அளவுக்கு மரத்தைத் தின்றுவிடுகிறது. பேண்ட் சா வாளானால் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ. வரை. அதனால் அடியோடு இறக்கிய கோம்ப் பழைய உயரத்தைவிட அவ்வளவு தாழ்ந்தே நிற்கும். வாள் தின்ற அளவுக்குத் தடிமனுள்ள வாஷர் எப்போதும் கீழே இருக்கட்டும். அதுவே உங்கள் பழைய உயரம். வாள் அலைந்ததால் முகங்கள் மேடுபள்ளமாக இருந்தால், கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, கோம்ப்பின் அடிமுகத்தை மட்டும் அதில் தேய்த்து மட்டமாக்குங்கள். பின்கட்டையின் முகத்தைத் தொடாதீர்கள். புஷ்களின் செங்குத்து நிலை அதைச் சார்ந்திருக்கிறது.

அறிகுறி: ஒரு நாள் பொருந்துகிறது, மறுநாள் பொருந்தவில்லை

கோம்ப்பில் எதுவும் நகரவில்லை என்பதை முதலில் எழுதிவைத்த எண்களைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். நகரவில்லை என்றால் உடையைப் பாருங்கள். குளிர்காலத்துத் தடித்த மேலாடை பின்கட்டையை நீளமாக்கியது போல வேலை செய்கிறது. முகம் கோம்ப்பில் பின்தள்ளிப் பதிகிறது. கோம்ப் ரிப்புக்கு இணையாக இல்லாத துப்பாக்கியில் இந்த நகர்வே கண்ணின் உயரத்தை மாற்றிவிடும். குளிர் நாளுக்கும் வெப்ப நாளுக்கும் தனித்தனி வாஷர் எண்ணிக்கையைக் கோம்ப்பின் அடிமுகத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளலாம். காதுக்கவசம் மாறினாலும் இதே விளைவு வரும். பெரிய கிண்ண வடிவக் கவசம் கட்டையில் இடித்துத் தலையைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். இடித்தால், காதுக்குள் செருகும் வகைக்கு மாறிவிட்டு மறுபடி காகிதத்தில் சுட்டு அளந்த பிறகே வாஷர்களில் கைவையுங்கள்.